பங்கு வாங்க வேளை எது? தொலைபேசிக் கருவிக் கம்பெனிகள் தரும் பாடம்

அயல்நாட்டில் பணிபுரியும் வாசகச் சகோதரர் ஒருவர் நமக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியுள்ளார். அதன் சாரம் இதுதான்:

"எட்டு ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த தொகை என்னிடம் இருக்கிறது. அதில் ஒரு பகுதி என் தாயாரின் ஹஜ்ஜுக்கென்று நிய்யத்துச் செய்து வைத்தது. என்னோடு தங்கியிருக்கும் நண்பர், தொலைபேசித் தொடர்புக்கான கருவிகளைச் செய்து விற்கும் இரண்டு பெரிய கம்பெனிகளின் பெயரைச் சொல்கிறார். இரண்டும் போட்டிக் கம்பெனிகள். ஜெயிக்கப் போகிற கம்பெனியின் பங்கை இப்போதே வாங்கிவிட வேண்டும். இந்த மாதம் தவறினால் பிறகு கைக்கு எட்டாது என்கிறார். ஊரில் என் மாமாவோ பங்குச் சந்தை என்றாலே சூதுதான் என்கிறார். வாங்குவது கூடுமா? கூடுமென்றால் எப்போது வாங்குவது? ஹஜ்ஜுப் பணத்தையும் சேர்த்துப் போடலாமா?"

இது ஒரு சகோதரரின் கேள்வி மட்டுமன்று. இன்று பல முஸ்லிம் இல்லங்களில் இதே பேச்சு நடக்கிறது. எனவே இதனை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொண்டோம். கேள்விகள் மூன்று. முறையே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கூடுமா?

பங்கு என்பது ஒரு கம்பெனியின் உடைமையில் ஒரு சிறு பாகம். அதை வாங்குகிறவர் அந்த வியாபாரத்தில் கூட்டாளியாகிறார். லாபம் வந்தால் அவருக்கும் உண்டு. நஷ்டம் வந்தால் அவரும் சுமக்க வேண்டும். கூட்டு வியாபாரம் நம் மார்க்கத்தில் அனுமதிக்கப்பட்டது. தொலைபேசி எக்ஸ்சேஞ்சு, டவர்களில் பொருத்தும் வானொலிக் கருவி, ஒளியிழைக் கருவி ஆகியவற்றைச் செய்து விற்பதும் தன்னளவில் தடுக்கப்பட்ட தொழிலன்று. பங்கு என்றாலே சூது என்று மாமா சொன்னது முழுதும் சரியன்று.

ஆனால் பிரச்சினை வேறிடத்தில் இருக்கிறது. இத்தகைய பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் வட்டிக்குக் கடன் வாங்குகின்றன. உபரிப் பணத்தை வட்டிக்கு வைக்கின்றன. இதில் உலமாக்களிடையே இரு கருத்துகள் உள்ளன. 1992ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியின் மாநாடு, தொழில் ஹலாலாக இருந்தாலும் வட்டியில் ஈடுபடும் கம்பெனியின் பங்கை வாங்குவது அடிப்படையில் கூடாது என்று முடிவு செய்தது. இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கென பஹ்ரைனில் இயங்கும் கணக்கியல் தணிக்கை அமைப்பு, தனது 21ஆம் எண் ஷரீஅத் விதியில் சில நிபந்தனைகளோடு இடமளித்தது. வட்டிக் கடன், கம்பெனியின் சந்தை மதிப்பில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வட்டிக்கு வைத்த பணமும் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தடுக்கப்பட்ட வருவாய் மொத்த வருவாயில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்தத் தடுக்கப்பட்ட பகுதியைக் கணக்கிட்டு நம்மிடமிருந்து நீக்கிவிடவும் வேண்டும். எந்தக் கருத்தைப் பின்பற்றுவது என்பதை, அவரவர் தமக்கு நம்பிக்கையான ஆலிமிடம் கம்பெனியின் பெயரைச் சொல்லிக் கேட்டு முடிவு செய்வதே பேணுதலாகும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். ஒரு கம்பெனிக்கு 30 கோடி கடன்; அதன் சந்தை மதிப்பு 100 கோடி. கடன் விகிதம் 30 சதவீதம். சந்தையில் பரபரப்பு ஏற்பட்டு மதிப்பு 200 கோடியாகிறது. உடனே விகிதம் 15 ஆகிவிடும். கடனில் ஒரு காசும் குறையவில்லை. அதே பங்கு வீழ்ந்து மதிப்பு 50 கோடியானால் விகிதம் 60 ஆகிறது. ஆக, 'ஷரீஅத் பட்டியலில் இருக்கிறது' என்பது அந்தப் பங்கின் விலை நியாயமானது என்பதற்குச் சான்றாகாது. விலை மிதமிஞ்சி ஏறியிருக்கும் நாளில்தான் பட்டியலில் எளிதாக இடம் கிடைக்கும். கூடுமா என்பது ஒரு கேள்வி. இந்த விலைக்கு வாங்கலாமா என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஏமாந்தவர் பலர்.

இந்தத் தொழிலின் வாடிக்கையாளர் யார்?

எப்போது வாங்குவது என்பதற்கு விடை காண வேண்டுமானால் இந்தத் தொழிலின் தன்மை தெரிய வேண்டும். மளிகைக் கடைக்குத் தினமும் நூறு பேர் வருவார்கள். தொலைபேசிக் கருவி செய்கிறவரிடம் வாங்குவோர் சில நூறு சேவைக் கம்பெனிகளே. அவற்றிலும் பெரியவை ஒரு சிலவே. அவர்கள் வாங்கும்போது ஆயிரக்கணக்கான கோடிக்கு வாங்குவார்கள். வாங்கி முடிந்தபின் பல ஆண்டுகள் கையை மடக்கிக்கொள்வார்கள்.

அலைபேசித் தொழில்நுட்பம் ஏறக்குறைய பத்து ஆண்டுக்கொரு முறை தலைமுறை மாறி வந்திருக்கிறது. இரண்டாம் தலைமுறை 1991ல் ஃபின்லாந்தில் தொடங்கியது. மூன்றாம் தலைமுறை 2001ல் ஜப்பானில். நான்காம் தலைமுறை 2009 டிசம்பரில் ஸ்டாக்ஹோமிலும் ஆஸ்லோவிலும். ஐந்தாம் தலைமுறையின் பொதுச் சேவை 2019 ஏப்ரலில் தென் கொரியாவில். நான்காம் தலைமுறை தொடங்கியபோது அந்த இரு நகரங்களிலும் சேவை நடத்தியது டெலியாசொனேரா என்ற ஒரே கம்பெனிதான். ஸ்டாக்ஹோமுக்குக் கருவி தந்தது சுவீடனின் எரிக்ஸன். ஆஸ்லோவுக்குத் தந்தது சீனாவின் ஹுவாவே. போட்டியின் கடுமையை இதிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம்.

நம் நாட்டையே பாருங்கள். 2022 அக்டோபர் 1ஆம் தேதி இந்தியாவில் ஐந்தாம் தலைமுறைச் சேவை தொடங்கியது. இரு பெரிய சேவைக் கம்பெனிகள் அவசர அவசரமாக நாடெங்கும் கருவிகளைப் பொருத்தின. 2023ல் எரிக்ஸன், நோக்கியா ஆகிய இரண்டுக்கும் இந்திய விற்பனை மிகவும் உயர்ந்தது. பொருத்தும் வேலை பெரும்பாலும் முடிந்ததும், 2024ல் அதே விற்பனை கடுமையாகச் சரிந்தது. இந்திய மக்கள் அலைபேசியைக் கீழே வைத்துவிடவில்லை; இன்னும் அதிகமாகவே பயன்படுத்தினார்கள். ஆயினும் கருவி விற்றவரின் கல்லா வற்றியது. 'எல்லோர் கையிலும் ஃபோன் இருக்கிறது, ஆகவே இந்தக் கம்பெனி வளரும்' என்ற பேச்சு எவ்வளவு அரைகுறையானது என்பது இதனால் விளங்கும்.

2000ஆம் ஆண்டின் படிப்பினை

இனி வரலாற்றுக்கு வருவோம். 1990களின் இறுதியில் உலகம் முழுவதும் இணையம் பரவியது. கனடாவின் நார்ட்டெல், அமெரிக்காவின் லூசென்ட், சிஸ்கோ ஆகிய கம்பெனிகளின் பங்குகளுக்கு மக்கள் முண்டியடித்தார்கள். நார்ட்டெல் சாமானியக் கம்பெனியன்று. அதன் வேர் 1895ல் தொடங்கிய நிறுவனத்தில் இருந்தது. லூசென்ட் 1996ல் ஏ.டி. அண்ட் டி. கம்பெனியிலிருந்து பிரிந்தது, புகழ்பெற்ற பெல் ஆராய்ச்சிக் கூடம் அதன் கையில் இருந்தது.

2000ஆம் ஆண்டின் உச்சத்தில் நார்ட்டெல் ஒன்றின் மதிப்பே டொராண்டோ பங்குச் சந்தைக் குறியீட்டின் மொத்த மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. ஒரு பங்கு 124 கனடிய டாலர் வரை விற்றது. இரண்டே ஆண்டுகளில், 2002ல், அது ஒரு டாலருக்கும் கீழே வந்தது. லூசென்ட் பங்கு 1999 டிசம்பரில் 80 அமெரிக்க டாலரைத் தாண்டியிருந்தது. 2002ல் அதுவும் ஒரு டாலருக்குக் கீழ். சிஸ்கோ 2000 மார்ச்சில் உலகிலேயே அதிக மதிப்புள்ள கம்பெனியாக விளங்கியது. பங்கு சுமார் 80 டாலர். 2002ல் 9 டாலருக்கும் கீழே இறங்கியது.

ஏன் இப்படி ஆனது? காரணங்கள் மூன்று.

முதலாவது, வாடிக்கையாளரின் பை காலியானது. 2000ஆம் ஆண்டில் மூன்றாம் தலைமுறை அலைவரிசை ஏலத்தில் ஐரோப்பியச் சேவைக் கம்பெனிகள் பிரிட்டனில் 2,250 கோடி பவுனும், ஜெர்மனியில் சுமார் 5,000 கோடி யூரோவும் அரசாங்கங்களுக்குக் கொடுத்தன. கடன் வாங்கிக் கொடுத்த பணம் அது. உரிமத்துக்கே பணம் போனபின் கருவி வாங்க எங்கிருந்து வரும்?

இரண்டாவது, விற்றவரே வாங்கியவருக்குக் கடன் கொடுத்தார். லூசென்ட், வின்ஸ்டார் என்னும் புதிய சேவைக் கம்பெனிக்கு 200 கோடி டாலர் வரை கடன் தர 1998ல் ஒப்புக்கொண்டது. அந்தக் கடனைக் கொண்டு வின்ஸ்டார் லூசென்டிடமே கருவி வாங்கியது. ஏட்டில் விற்பனை ஏறியது. பெட்டியில் காசு ஏறவில்லை. 2001 ஏப்ரலில் வின்ஸ்டார் திவாலானது. நம்மூர்க் கடைத்தெருவில் இதற்கு விளக்கம் தேவையில்லை. கடனுக்கே சரக்குக் கொடுத்து, 'வியாபாரம் பிரமாதம்' என்று சொல்லும் கடைக்காரர் எத்தனை நாள் நிற்பார்?

மூன்றாவது, அவரவர் எதிர்பார்ப்பை நம்பிச் சரக்கைக் குவித்தார்கள். சிஸ்கோ 2001ல் விற்காமல் தேங்கிய சரக்குக்காக சுமார் 220 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது.

நார்ட்டெல்லின் முடிவு இன்னும் சோகமானது. 2009 ஜனவரி 14ஆம் தேதி அது திவால் பாதுகாப்பு கோரியது. 2011ல் அதன் காப்புரிமைகள் மட்டும் 450 கோடி டாலருக்கு விற்கப்பட்டன. அதாவது அதன் அறிவுச் செல்வம் உண்மையானதே. பங்குதாரருக்குத்தான் அதில் ஒன்றும் மிஞ்சவில்லை. கடன் கொடுத்தவர்கள் முன்வரிசையில் நிற்பார்கள். பங்குதாரர் கடைசி வரிசை. அங்கே உழைத்து ஓய்வு பெற்றவர்களும் தம் ஓய்வூதியத்துக்காகப் பல ஆண்டுகள் நீதிமன்ற வாசலில் நிற்க நேர்ந்தது. லூசென்ட் ஊழியர்களில் பலர் தம் ஓய்வுக்காலச் சேமிப்பையே தம் கம்பெனிப் பங்கில் வைத்திருந்தார்கள். சம்பளமும் சேமிப்பும் ஒரே இடத்திலிருந்து வந்ததால் இரண்டும் ஒன்றாக ஆட்டம் கண்டன.

இதில் மிக முக்கியமான பாடம் ஒன்று உண்டு. 2000ல் பங்கு வாங்கியவர்கள் எதிர்பார்த்தது நடக்கவில்லையா? நடந்தது. இணையம் உலகமெங்கும் பரவியது. சிஸ்கோ கெட்டுப் போகவில்லை, லாபத்தோடு வளர்ந்தது. அப்படியிருந்தும் 2000ஆம் ஆண்டின் உச்ச விலையை அதன் பங்கு மீண்டும் தாண்டியது 2025 டிசம்பரில்தான். இருபத்தைந்து ஆண்டுகள்! அன்று கைக்குழந்தையாக இருந்த மகளுக்காக வாங்கி வைத்திருந்தால், அவள் மணமுடித்துப் பிள்ளை பெற்றபின்தான் போட்ட விலையைப் பங்கு தொட்டிருக்கும். நல்ல கம்பெனியே ஆனாலும் தகாத விலைக்கு வாங்கினால் வாழ்நாள் போதாது.

போட்டியில் வெல்பவரைக் கண்டுபிடித்தால் போதுமா?

சகோதரரின் நண்பர், 'ஜெயிக்கப் போகிறவரை இப்போதே பிடி' என்கிறார். இதைச் செய்வது எவ்வளவு கடினம் என்று பாருங்கள்.

2019 அக்டோபரில் நோக்கியா தன் லாப எதிர்பார்ப்பைக் குறைத்து, பங்காதாயத்தை நிறுத்தி வைத்தது. ஒரே நாளில் பங்கு ஐந்தில் ஒரு பாகத்துக்கும் மேல் வீழ்ந்தது. 2023 டிசம்பரில் அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. கம்பெனி, ஐந்தாண்டுகளில் சுமார் 1,400 கோடி டாலர் மதிப்புள்ள வேலையை எரிக்ஸனுக்குக் கொடுத்தது; நோக்கியா ஒரு பெரிய வாடிக்கையாளரை இழந்தது, பங்கும் சரிந்தது. 'நோக்கியா முடிந்தது' என்றார்கள். ஆனால் 2025 அக்டோபரில் என்விடியா கம்பெனி 100 கோடி டாலரை நோக்கியாவில் முதலீடு செய்வதாக அறிவித்தது. அன்றே நோக்கியா பங்கு பெரிதும் உயர்ந்தது. இந்தத் திருப்பங்களை வெளியிலிருந்து பார்க்கும் ஒரு குடும்பத்தலைவர் முன்கூட்டி அறிவது எங்ஙனம்?

இன்னொன்று. இத்தொழிலில் மிகப் பெரிய போட்டியாளர்களுள் ஒன்றான ஹுவாவே எந்தப் பங்குச் சந்தையிலும் இல்லை. அதன் பங்குகள் ஊழியர் அமைப்பின் வழியே ஊழியர்களிடமே உள்ளன. எனவே, சந்தையில் கிடைக்கும் இரண்டை மட்டும் ஒப்பிட்டு 'இது நல்லது' என்று தீர்மானிப்பவர், சந்தையில் இல்லாத மூன்றாமவரைக் கணக்கில் எடுக்கத் தவறுகிறார். அரசாங்கங்களின் கையும் இதில் உண்டு. 2018ல் அமெரிக்க அரசு விதித்த தடையால் சீனாவின் இசட்.டி.ஈ. கம்பெனியின் பங்கு வியாபாரம் இரண்டு மாதம் நின்றே போயிற்று. 2020 ஜூலையில் பிரிட்டன், ஐந்தாம் தலைமுறை வலையமைப்பிலிருந்து ஹுவாவே கருவிகளை 2027 இறுதிக்குள் அகற்றிவிட வேண்டுமென முடிவு செய்தது. கருவியின் தரம் ஒரு பக்கம். அரசியல் இன்னொரு பக்கம்.

அப்படியானால் எப்போது வாங்குவது?

'இந்த மாதம்', 'அடுத்த மாதம்' என்று நாம் தேதி சொல்ல மாட்டோம். அப்படிச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். விலையை ஏற்றிவிடுவதற்காக வாங்கும் எண்ணமின்றியே விலை கேட்பதை 'நஜ்ஷ்' என்று ஃபிக்ஹு நூல்கள் தடுத்திருக்கின்றன. தம் கையிலுள்ள பங்கை விற்பதற்காக 'வாங்கு, வாங்கு' என்று பரப்புவோரின் செயலும் அதற்கு அயலானதன்று. தேதிக்குப் பதிலாக, வேளை வந்துவிட்டதா என்று அறிய உதவும் சில அளவுகோல்களைத் தருகிறோம்.

ஒன்று: கம்பெனியின் ஆண்டறிக்கையை நீங்களே படித்து விளங்கிக்கொண்ட பிறகே வேளை வரும். நான்கு இடங்களைப் பாருங்கள். விற்பனை ஏறுவதைவிட வேகமாக வரவேண்டிய பாக்கி ஏறுகிறதா? தேங்கிய சரக்கு கூடுகிறதா? லாபம் என்று எழுதிய தொகை ரொக்கமாக வந்திருக்கிறதா? வட்டிக் கடன் எவ்வளவு? இதில் கடைசிக் கேள்வி மார்க்கத்துக்கும் பொருந்தும், பிழைப்புக்கும் பொருந்தும். கடன் மிகுந்த கம்பெனியே மந்த காலத்தில் முதலில் தள்ளாடும்.

இரண்டு: எல்லோரும் வாங்கும் தலைமுறை மாற்றத்தின் பரபரப்பு நாளில் பெரும்பாலும் விலையில் அந்த நம்பிக்கை ஏற்கெனவே ஏறியிருக்கும். பரபரப்பு அடங்கி, நல்ல கணக்குள்ள கம்பெனியும் கவனிப்பாரற்றுக் கிடக்கும் நாளே நிதானமாகப் பரிசீலிக்க ஏற்ற நாள்.

மூன்று: ஆனால் 'விலை இறங்கிவிட்டது' என்பது மட்டும் காரணமாகாது. நார்ட்டெல் 124ல் இருந்து 60க்கு வந்தபோது மலிவு என்று வாங்கியவர் உண்டு. 30லும், 10லும் வாங்கியவர் உண்டு. அனைவரும் இழந்தார்கள். மேலும், வீழ்ந்த கம்பெனி பங்குதாரரிடம் மீண்டும் கையேந்தும். எரிக்ஸன் 2002ல் புதுப் பங்குகள் வெளியிட்டு 3,000 கோடி சுவீடன் குரோனர் திரட்டியது. பழைய பங்குதாரர் மேலும் பணம் போட வேண்டும். இல்லையேல் தம் பாகம் சுருங்குவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எரிக்ஸன் பிழைத்தது, நார்ட்டெல் பிழைக்கவில்லை. விலைப் பட்டியலை மட்டும் பார்த்தவருக்கு இந்த வேறுபாடு அன்று தெரிந்திராது.

நான்கு: வாங்குவதென்று முடிவானாலும் ஒரே நாளில் எல்லாவற்றையும் போடாதீர்கள். தொகையைப் பல பாகமாக்கி, மாதங்கள் இடைவெளி விட்டு வாங்குங்கள். ஒரே தொழிலிலும், ஒரே கம்பெனியிலும் குவிக்காதீர்கள். போட்டியாளர் இருவரையும் வாங்கினால் மட்டும் ஆபத்து நீங்காது. தொழில் முழுவதற்கும் மந்தம் வந்தால் இருவரும் சேர்ந்தே இறங்குவார்கள். 2001ல் அதுதான் நடந்தது.

ஐந்து: ஏன் வாங்குகிறோம், என்ன நடந்தால் விற்றுவிடுவோம் என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். எழுத வராத காரணம் காரணமன்று. வீட்டாரிடம் படித்துக் காட்டுங்கள். மஷ்வரா செய்யுங்கள், இஸ்திகாராவும் செய்யுங்கள். ஆனால் கணக்கைப் பார்க்காமலிருக்க இஸ்திகாராவைச் சாக்காக்கக் கூடாது.

கடன் வாங்கிப் பங்கு வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வட்டிக் கடனாயின் கூடவே கூடாது. கைமாற்றாக வாங்கியதாயினும் பிறர் பணத்தை இந்த ஆபத்தில் இறக்குவது அமானிதத்துக்கு அழகன்று. காலையில் வாங்கி மாலையில் விற்கும் பந்தய ஆட்டத்துக்கும் மேலே சொன்ன கூட்டு வியாபாரத்துக்கும் உறவில்லை. அந்த ஆட்டத்தைப் பற்றி மாமா சொன்னால் அவர் சொல் சரிதான்.

ஜகாத்தையும் மறக்கலாகாது. விற்று லாபம் பெறும் எண்ணத்தில் வைத்திருக்கும் பங்குகள் வியாபாரச் சரக்கைப் போன்றவை; ஆண்டு நிறைவில் அன்றைய சந்தை மதிப்பில் இரண்டரை சதவீதம் கொடுக்க வேண்டும். நெடுங்காலம் வைத்திருந்து ஆதாயம் பெறும் எண்ணமாயின் கணக்கிடும் முறை வேறு. அதை ஆலிமிடம் கேட்டறிக.

எந்தப் பணம்?

இறுதியாக ஹஜ்ஜுப் பணம். சகோதரரே! உங்கள் தாயாரின் வயதை நீங்கள் எழுதவில்லை, எழுதவும் வேண்டாம். சிஸ்கோ பங்கு பழைய விலைக்குத் திரும்பக் கால் நூற்றாண்டு ஆனதை மேலே பார்த்தோம். உங்கள் தாயார் அவ்வளவு காலம் காத்திருக்க முடியுமா? குறிப்பிட்ட காலத்துக்குள் தேவைப்படும் பணத்தை, எப்போது திரும்பும் என்று தெரியாத இடத்தில் போடக் கூடாது. மகளின் திருமணம், பிள்ளையின் படிப்புக் கட்டணம், வைத்தியச் செலவு, வீட்டின் ஆறு மாதச் சாப்பாட்டுச் செலவு ஆகிய எல்லாவற்றுக்கும் இதே சட்டந்தான். அந்தத் தொகையைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, தாயாரின் பயணத்துக்கு முதலில் மனுப் போடுங்கள்.

மீதியுள்ளதில், முழுதும் போனாலும் இல்லத்தில் அடுப்பு அணையாத அளவு எதுவோ அதுவே இத்தகைய வியாபாரத்துக்கு உரியது. அந்த அளவோடு, மேலே சொன்ன ஐந்தையும் சரிபார்த்து, ஆலிமிடம் கூடுமெனத் தெளிவு பெற்று, நிதானமாக இறங்குங்கள். இந்த மாதம் தவறினால் கைக்கு எட்டாது என்ற நண்பரிடம், 'எட்டாவிட்டால் போகட்டும்' என்று சொல்லுங்கள். வாங்காத பங்கினால் எவரும் கடனாளியானதில்லை. ரிஸ்க்கை அளிப்பவன் அல்லாஹ். ஒரு மாதத்தோடு அவனுடைய வாசல் அடைபட்டுவிடுவதில்லை.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான சம்பாத்தியத்தையும், அதைக் காக்கும் அறிவையும் தந்தருள்வானாக! அச்சகோதரரின் தாயாருக்கு மப்ரூரான ஹஜ்ஜை நஸீபாக்குவானாக! ஆமீன்.